பிளாஸ்டிக் மாடல் கட்டடத்தை வெயில் மழையில் நின்ற மரம்போல் ஆக்குவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். எச்.ஓ. அளவில், அதாவது 1:87-இல், பலகைச் சுவர் வைத்த அமெரிக்கப் பாணி ரயில் நிலையக் கிட் ஒன்று வாங்கி ஒட்டியிருக்கிறீர்கள். அக்ரிலிக் பிரவுன் அடித்து, மேலே கறுப்பு வாஷ், அதாவது நீர்க்கக் கரைத்த பெயின்ட், விட்டிருக்கிறீர்கள். பலகை இடுக்குகளில் கறுப்புக் கோடு விழுந்ததே தவிர மரம் வரவில்லை. சாக்லேட்டில் வார்த்ததுபோல இருக்கிறது. பல வருஷம் வெட்டவெளியில் நின்ற மரமாகத் தெரிய என்ன செய்யலாம், அதுவும் புதுச்சேரியில் கிடைக்கிற சாமான்களை வைத்தே செய்ய முடியுமா என்று கேட்கிறீர்கள்.

முடியும். ஆனால் பிரஷ்ஷை எடுப்பதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: அந்தக் கட்டடத்தில் வெயில் எந்தப் பக்கம் காய்ந்தது, மழை எந்தப் பக்கம் அடித்தது, தண்ணீர் எங்கே தங்கியது? இது தெரிந்துவிட்டால் எங்கே என்ன நிறம் என்பது தானாக வந்துவிடும். இது தெரியாமல் எவ்வளவு விலை கொடுத்து பெயின்ட் வாங்கினாலும் நாலு சுவரிலும் ஒரே அழுக்குதான் மிஞ்சும்.

முதல் சிக்கல் அந்த பிரவுன்தான். மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருப்பது லிக்னின். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் முதலில் சிதைப்பது அதைத்தான். சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போய்விடும். மிஞ்சி நிற்பது வெளுத்த செல்லுலோஸ் நார். அதன்மேல் நுண்ணிய பூஞ்சை படர்ந்து கறுப்புப் புள்ளி வைக்கும். வெளுப்பும் கறுப்பும் கலந்து தூரத்திலிருந்து சாம்பல் நிறமாகத் தெரிகிறது. புதுச் சவுக்குக் கழியை நட்டுக் கொட்டகை போட்டவர்களுக்குத் தெரியும், ஒரு மழைக்காலம் தாண்டினாலே நிறம் மாறிவிடும். இந்த மாற்றமெல்லாம் மேல்தோலில்தான், ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூடக் கிடையாது. கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே பழைய பழுப்பு அப்படியே இருக்கும். ஆகவே மாடலிலும் பழுப்பு வர வேண்டிய இடங்கள் சில உண்டு: புதிதாகச் சிராய்த்த விளிம்பு, உடைந்த பலகையின் முனை, மழை எட்டாத இறவாணத்தின், அதாவது கூரை விளிம்பின், அடி.

இன்னொன்று: மரம் சீராகத் தேய்வதில்லை. வளையங்களில் மெத்தென்று இருக்கும் பகுதி சீக்கிரம் தேய்ந்து பள்ளமாகும், கெட்டியான பகுதி மேடாக நிற்கும். பைன் மாதிரியான மென்மரம் பூச்சில்லாமல் நின்றால் 100 வருஷத்துக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் தேயும் என்பது கணக்கு. பழைய பலகையைத் தடவினால் விரலில் நெருடுகிறதே, அந்த ரேகை இப்படி வந்ததுதான்.

இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட நேரில் பார்த்துவிடுவது நல்லது. புதுச்சேரியிலும் கடலூரிலும் இருப்பவர்களுக்கு இதற்குப் பஞ்சமே இல்லை. திண்ணை வைத்த பழைய வீடு ஏதாவது ஒன்றின் தெருக்கதவுக்கு முன்னால், வீட்டாரிடம் சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் உட்காருங்கள். கதவின் மேல்பாதி தாழ்வார நிழலில் இருக்கும். எண்ணெய் ஊறிய கரும்பழுப்பு. நடுவில் கைபட்டுக் கைபட்டுத் தாழ்ப்பாளைச் சுற்றி மட்டும் வழவழவென்று மினுங்கும். கீழே ஒன்றரை அடிதான் கதை. மழைத்தண்ணீர் தரையில் விழுந்து தெறிக்கும் உயரம் அது. அங்கே மரம் வெள்ளிச் சாம்பலாக வெளுத்து, ரேகை எழும்பி, நிலைப்படிக்கு அருகே பச்சை கலந்த கறுப்பாகியிருக்கும். நிலையின் ஓரத்தில் கரையான் மண்கோடு ஏறியிருந்தாலும் ஏறியிருக்கும்.

அந்தக் கதவில் அடித்திருக்கும் இரும்பு ஆணிகளையும் பாருங்கள். மாடல் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஆணிக்குக் கீழே ஆரஞ்சு நிறத்தில் துரு ஒழுகவிடுவார்கள். ஆனால் மரத்தில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் வருவது நீலம் கலந்த கறுப்பு. ஆணித்தலையைச் சுற்றி ஒரு கறை, அதிலிருந்து கீழ்நோக்கி மெல்லிய கறுப்புக் கோடு. ஆரஞ்சு ஒழுகல் வரவேண்டியது கூரைத் தகரத்துக்குக் கீழே. இந்த ஒரு வித்தியாசத்தைச் சரியாகச் செய்தாலே பார்ப்பவர் கண் நம்பிவிடும்.

பெயின்ட் உரிந்த மரம் வேண்டுமென்றால் புதுச்சேரி ஒயிட் டவுனின் பழைய சன்னல்களில் இருக்கும் சாய்பலகைக் கதவுகளைப் பாருங்கள். கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் ஒதுக்கி வைத்திருக்கும் மரப்படகுகளும் நல்ல பாடம். பலகை இணையும் இடத்திலும் அடிப்பக்கத்திலும்தான் பெயின்ட் முதலில் உரியும். தண்ணீர் உள்ளே புகும் இடம் அதுதானே. பலகையின் நடுவில் கடைசிவரை பிடித்திருக்கும்.

இப்போது திசை. உங்கள் கிட்டின் கட்டடம் அமெரிக்காவில் நிற்பதாக வைத்துக்கொண்டால், அங்கே வருஷம் முழுக்க நண்பகல் சூரியன் தெற்குப் பக்கமே இருக்கும். தெற்குச் சுவர் வெளுத்து வெடிக்கும், வடக்குச் சுவர் ஈரமும் பாசியுமாக இருண்டிருக்கும். நம் ஊர்க் கணக்கு வேறு. புதுச்சேரி ஏறக்குறைய 12 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்திருக்கும், மற்ற மாதங்களில் தெற்கே. உச்சியில் காய்கிற வெயிலை இறவாணம் தடுத்துவிடும். சாய்ந்து வரும் காலை வெயிலும் மாலை வெயிலும்தான் சுவரை வாட்டும். மழையோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கிலிருந்து, கடல்காற்றோடு அடிக்கும். ஆக இங்கே அதிகம் அடிபடுவது கிழக்குச் சுவர். கடலைப் பார்த்த சன்னல் கதவும் தெருவுக்கு எதிர்ப்பக்கத்துச் சன்னல் கதவும் ஒரே வயதானாலும் ஒரே மாதிரி இருக்காது.

அமெரிக்க நிலையத்தை அமெரிக்க நிலையமாகவே வைத்துக்கொள்ளப் போகிறீர்களா, இல்லை நம் கடற்கரைக் கிட்டங்கியாக மாற்றப் போகிறீர்களா என்பதை இப்போதே தீர்மானியுங்கள். வறண்ட சமவெளி மரம் வெள்ளி நிறத்தில் சுத்தமாக இருக்கும். நம் கரை மரம் இன்னும் இருண்டது, அடியில் பாசி ஏறியது. இரண்டையும் ஒரே சுவரில் கலந்தால் எந்த ஊர் என்றே தெரியாமல் போகும். என்னைக் கேட்டால் இங்கே நாம் தினம் பார்க்கிற மரத்தையே செய்யச் சொல்வேன். சந்தேகம் வந்தால் தெருவில் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

அளவைப் பற்றியும் கொஞ்சம். ஆறு அங்குலப் பலகை 1:87-இல் 1.75 மில்லிமீட்டர் அகலம். நிஜத்தில் ஒரு மில்லிமீட்டர் எழும்பிய ரேகை, மாடலில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு. கண்ணுக்கே தெரியாது. கால் மில்லிமீட்டர் அகலத்தில் நீங்கள் ஒரு விரிசல் கீறினால் அது நிஜத்தில் கிட்டத்தட்ட 22 மில்லிமீட்டர், விரல் நுழையும். எனவே இந்த அளவில் ரேகை என்பது எப்போதும் கொஞ்சம் மிகைதான். மிகையை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். வேலையில் பெரும்பகுதியை நிறம் செய்யட்டும், கீறல் துணைக்கு இருக்கட்டும். 1:48, 1:35 மாதிரிப் பெரிய அளவுகளில் கீறலுக்கு இன்னும் இடம் கொடுக்கலாம்.

வேலைக்கு வருவோம். அடுத்த கிட்டில் சுவர்களை ஒட்டுவதற்கு முன்பே, தட்டையாகக் கிடக்கும்போதே எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு கழுவு கழுவினால் அச்சின் எண்ணெய்ப் பிசுக்கு போகும். காய்ந்ததும் உப்புத்தாள். 120 எண் தாளைப் பலகை ஓடும் திசையிலேயே, மேலிருந்து கீழோ இடமிருந்து வலமோ, ஒரே போக்கில் இழுங்கள். முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள். சில பலகைகளில் மட்டும் 80 எண் தாளால் இரண்டு இழுப்பு அதிகம். பிறகு சின்னக் கம்பி பிரஷ்ஷால் மெதுவாக ஒரு முறை. கத்தி முனையால் பலகைகளின் கடைசி முனையில் அங்கங்கே விரிசல், ஒன்றிரண்டு பலகைகளின் அடியில் சிறு மூளி. எல்லாப் பலகையிலும் செய்யக் கூடாது. நிஜத்தில் சில பலகைகள் பிற்பாடு மாற்றப்பட்டவை. எழும்பி நிற்கும் துணுக்குகளைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பெயின்ட்டில் ரோமம்போல ஒட்டிக்கொள்ளும்.

ப்ரைமரை, அதாவது பெயின்ட் பிடிப்பதற்கான முதல் பூச்சை, தவிர்க்காதீர்கள். கைவினைக் கடையில் கிடைக்கும் அக்ரிலிக் வெறும் ஸ்டைரீனில், அதாவது கிட்டின் பிளாஸ்டிக்கில், சரியாகப் பிடிக்காது, நகம் பட்டால் தோலாக உரியும். ஹார்டுவேர் கடையில் விற்கும், பளபளக்காத மேட் சாம்பல் ஸ்ப்ரே ப்ரைமர் போதும். ஓர் அடி தள்ளி நின்று, தூசு படிகிற மாதிரி மெல்லிதாக இரண்டு மூன்று பூச்சு. ஒரே பூச்சில் நனைத்தால் அதில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கைத் தின்று, நீங்கள் போட்ட கீறலையெல்லாம் மூடிவிடும். பாகங்கள் ஒட்டிவந்த சட்டத்துண்டில் முதலில் அடித்துப் பாருங்கள். அதே கடையில் கிடைக்கும் என்.சி. தின்னர் ஸ்டைரீனைக் கரைத்துக் கூழாக்கிவிடும். மாடல் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

அடிப்பூச்சுக்கு நிறத்தை நீங்களே கலக்குங்கள். வெள்ளை, ரா அம்பர் என்ற மண்பழுப்பு, கொஞ்சம் யெல்லோ ஓக்கர் என்ற காவிமஞ்சள், மிகச் சிறிது கறுப்பு. வெறும் கறுப்பும் வெள்ளையும் மட்டும் கலந்தால் வருவது சிமென்ட். மரச்சாம்பலில் எப்போதும் ஒரு வெதுவெதுப்பு இருக்கும். நீங்கள் நினைப்பதைவிட இரண்டு படி வெளிறலாக வையுங்கள், மேலே வரப்போவதெல்லாம் இருட்டுவதுதான். முழுச்சுவருக்கும் அடித்த பிறகு, அதே கலவையைச் சற்று மஞ்சளாக ஒன்று, சற்று நீலச் சாம்பலாக ஒன்று, சற்றுப் பழுப்பாக ஒன்று என்று பிரித்துக்கொண்டு, பலகைகளைத் தனித்தனியே பொறுக்கி அடியுங்கள். ஐந்தாறுக்கு ஒரு பலகை. வரிசையாக ஒன்றுவிட்டு ஒன்று என்று போய்விடாமல் கவனியுங்கள், கை தானாக அப்படித்தான் போகும். இந்தக் கட்டத்தில் சுவர் கோடுபோட்ட துணியாகத் தெரிந்து மனசு உடையும். பொறுங்கள், அடுத்ததில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

அடுத்தது வாஷ். உங்கள் கறுப்பு வாஷ் ஏன் கோடாக மட்டும் நின்றது என்றால், தண்ணீரில் கரைத்த பெயின்ட் பரப்பு இழுவிசையால் இடுக்குக்குள் ஓடி ஒதுங்கிவிடும், பலகையின் முகத்தில் தங்காது. மருந்துக்கடையில் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள். 100 மில்லிக்குக் கால் தேக்கரண்டி கறுப்பு இந்தியன் இங்க், ஓவியம் வரைகிறவர்கள் வாங்குகிற அதே நீர்புகா மை. குலுக்கிவிட்டு, அகலமான மெத்தென்ற பிரஷ்ஷால் மேலிருந்து கீழே ஒரே தடவை. ஆல்கஹால் மெல்லிதாகப் பரவி உடனே ஆவியாவதால், மை ஒவ்வொரு கீறலிலும் தங்கிவிடும். அக்ரிலிக்கை ஆல்கஹால் இளக்கும் என்பதால் திரும்பத் திரும்பத் தேய்க்கக் கூடாது. அடிப்பூச்சை ஒரு நாள் காயவிட்டு, தொட்டுவிட்டு விலகிவிடுங்கள். போதவில்லை என்றால் நன்றாகக் காய்ந்த பிறகு இன்னொரு தடவை. சன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் விளக்கோ கொசுவர்த்தியோ வேண்டாம்.

அடுத்து டிரை பிரஷ், அதாவது கிட்டத்தட்ட காய்ந்த பிரஷ்ஷால் தடவுவது. அதற்குத் தட்டையான பழைய பிரஷ் போதும். வெள்ளை கலந்த சாம்பலைத் தொட்டு, செய்தித்தாளில் துடைத்துத் துடைத்து, பெயின்ட்டே இல்லை என்று தோன்றும்போது சுவரில் தடவுங்கள். பலகை ஓடும் திசையிலேயே. குறுக்கே இழுத்தால் பலகைகளின் விளிம்பெல்லாம் வெள்ளைக்கோடாகி, மறுபடி பொம்மையாகிவிடும். வெயில் படும் சுவரில் தாராளமாக, நிழல் சுவரில் பெயருக்கு, இறவாணத்தின் அடியில் வேண்டவே வேண்டாம்.

கறை, ஒழுகல் எல்லாவற்றுக்கும் ஆயில் பெயின்ட்தான் என் விருப்பம். மெதுவாகக் காய்வதால் திருத்த நேரம் கிடைக்கும். முதலில் ஒரு மேட் வார்னிஷ் அடித்துச் சுவரை மூடிவிடுங்கள். டர்பென்டைன் அதிகமாகி ஒட்டுகளில் இறங்கினால் ஸ்டைரீன் நொறுங்கக்கூடும். பெயின்ட்டை அட்டைத்துண்டில் பிதுக்கி ஒரு மணிநேரம் வைத்தால் எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும், காய்ந்தபின் பளபளக்காது. ஆணி இருக்கும் இடத்தில் ஊசிமுனையால் பேன்ஸ் கிரே என்ற நீலக்கருஞ்சாம்பல் ஒரு புள்ளி, பிறகு டர்பென்டைனில் நனைத்துத் துடைத்த பிரஷ்ஷால் கீழ்நோக்கி ஒரே இழுப்பு. சுவரின் அடியில், தெறிப்பு உயரம் என்று சொன்னேனே, 1:87-இல் அது ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். அங்கே ரா அம்பரும் துளி பச்சையும் கலந்து மேல்நோக்கி மறையும்படி துடைத்துவிடுங்கள். மேல்விளிம்பு நேர்கோடாக இருக்கக் கூடாது.

உரிந்த பெயின்ட் வேண்டுமானால் மேலே சொன்ன சாம்பல் மரத்தை முழுதாக முடித்து, வார்னிஷ் போட்டு, அதன்மேல் சாதாரண ஹேர் ஸ்ப்ரே இரண்டு மெல்லிய பூச்சு. காய்ந்ததும் கட்டடத்தின் நிறத்தைத் தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கால் மெல்லிதாக அடியுங்கள். அரைமணி நேரத்துக்குள் தண்ணீர் தொட்ட பிரஷ்ஷால் உரிய வேண்டிய இடங்களை நனைத்துக் குத்துங்கள். கீழே உள்ள ஹேர் ஸ்ப்ரே கரைந்து, மேல்பூச்சு சில்லுசில்லாகப் பெயரும். கைவினை அக்ரிலிக் சீக்கிரம் இறுகிவிடும், மறுநாள் என்று தள்ளிப்போட்டால் வராது. சன்னல் சட்டம் மாதிரிச் சின்னப் பாகங்களுக்கு இவ்வளவு தேவையில்லை: வாஸ்லினைப் புள்ளி புள்ளியாக வைத்து மேலே அடித்து, காய்ந்ததும் துடைத்தால் போதும்.

தெருத்தூசிக்குச் சாக்பீஸ் பாஸ்டலைச் சுரண்டிப் பொடியாக்கித் தூவலாம். வார்னிஷ் அடித்தால் பாதிப்பொடி மறையும், அதனால் கூடுதலாகவே தூவுங்கள்.

கடைசி மேட் வார்னிஷ்ஷுக்கு நாள் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஐப்பசி கார்த்திகை ஈரக்காற்றில் ஸ்ப்ரே வார்னிஷ் அடித்தால் ஈரத்தை இழுத்து வெண்புகை பிடித்ததுபோல் ஆகிவிடும். மழை விட்ட நாளில், முற்பகலில், டப்பாவைக் கொஞ்சநேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்திருந்து அடியுங்கள். கொதிநீர் கூடவே கூடாது. சித்திரை வெயிலில் சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடியிலோ காருக்குள்ளோ வைத்தால் மெல்லிய சுவர் வளைந்துவிடும். வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றே போதும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு கறுப்புவெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். நிறம் கண்ணை ஏமாற்றாதபோது, எந்தப் பலகை துருத்திக்கொண்டு நிற்கிறது என்பது பளிச்சென்று தெரியும்.

ஏற்கெனவே பிரவுன் அடித்து ஒட்டிய உங்கள் நிலையத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ப்ரைமர் இல்லாமல் அடித்திருந்தால் ஒரு மூலையில் செல்லோடேப் ஒட்டி இழுத்துப் பாருங்கள். பெயின்ட் கையோடு வரவில்லை என்றால் அதன் மேலேயே வேலை செய்யலாம்: இறவாணத்தின் அடியில் அந்த பிரவுனை அப்படியே விட்டுவிட்டு, கீழே போகப் போகச் சாம்பலைப் பலகை பலகையாக ஏற்றி, பிறகு மை வாஷ். கையோடு வந்துவிட்டால் டெட்டாலில் முக்கி ஓர் இரவு வையுங்கள். பெரும்பாலான அக்ரிலிக் இளகிவிடும், ஸ்டைரீனுக்கு ஒன்றும் ஆகாது. கையுறை போட்டுக்கொண்டு, டெட்டாலிலேயே டூத்பிரஷ்ஷைத் தோய்த்துத் தேய்த்து முடித்த பிறகுதான் தண்ணீர் காட்ட வேண்டும். பாதியில் தண்ணீர் பட்டால் இளகிய பெயின்ட் பிசினாகி மறுபடி ஒட்டிக்கொள்ளும். சுவர்கள் ஏற்கெனவே பெட்டியாக ஒட்டியிருப்பதால் உப்புத்தாள் மூலைகளுக்கு எட்டாது. அங்கே கத்திமுனையால் மட்டும் கீறிக்கொள்ளுங்கள், அறைச் சுவரைப் பார்த்து வைக்கப்போகும் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.